ஹெப்ஸி சக்டன் கழற்றிய குண்டூசிகள்

ஹெப்ஸி சக்டனுக்கு முகம் சுமார்தான். பல்வரிசை அதைவிடச் சுமார். ஆனால் கை இருந்ததே, அந்தக் கைக்கு ஸ்கெல்பெக் ஊரில் ஈடு கிடையாது. பன்னிரண்டு வயதில் கம்பளி மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போடச் சேர்ந்தாள். பதினேழில் தையல்கூடத்துக்கு மாறினாள். அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷம் ஊர் ஆம்பிளைகளின் சட்டைக் காலரைத் தைத்தே காலம் போயிற்று. ஒரு சட்டைக்குப் பதினாறு குண்டூசி. பதினாறையும் குத்தி, தைத்து முடித்ததும் ஒரே மூச்சில் பதினாறையும் உருவிவிட்டுத்தான் அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். துணியில் ஒரு வடு இருந்தால் மேஸ்திரி காதைத் திருகுவான். அவள் காதை ஒருவனும் திருகியதில்லை.

பிள்ளை இரண்டு பிறந்து இரண்டும் நிற்கவில்லை. புருஷன் வால்ட்டர் மில்லில் கொதிகலன் பார்த்தவன். வீட்டுக்கு வந்தால் புறாக்களைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான். நல்லவன்தான். நல்லவன் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

ஹெப்ஸிக்கு அச்செழுத்து தெரியும். சேப்பல் என்கிற ஜெபக்கூடத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று தெரிந்துகொண்டது. கையெழுத்து மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. கூட்டிச் சேர்த்து ஓடுகிற எழுத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிக்குப் பிடித்த நூலாகத்தான் தெரியும். அப்பேர்ப்பட்டவளைத்தான் இரண்டு லட்சம் கடிதங்களுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அந்தக் கடிதங்கள் சர் ஆம்ப்ரோஸ் தர்ல்பியுடையவை. ஊர்ச் சந்தையில் வெண்கலத்தில் நிற்கிறாரே, அவர்தான். ராணிக்கு நாலு தடவை மந்திரியாக இருந்தவர். காலையில் கிரேக்கம், மதியத்துக்கு மேல் ராஜாங்கம் என்று வாழ்ந்து 1893இல் போய்ச் சேர்ந்தார். வாழ்நாளில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவர் எறிந்ததில்லை. வந்த கடிதம், போன கடிதத்தின் நகல், வெளுக்கப் போட்ட துணிப் பட்டியல், அதன் முதுகில் கிரேக்கக் கவிதை என்று எல்லாமே குண்டூசியால் குத்தப்பட்டு அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளில் இருந்தன. இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததும் அவர் வாரிசுகள் பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க முடியாமல் அதை ஒரு தர்மகர்த்தா சபையிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பழைய சலவைக்கூடத்தில் பெட்டிகளை அடுக்கினார்கள். கடிதங்களைப் புத்தகமாகப் போட ஆக்ஸ்போர்டிலிருந்து டாக்டர் ப்ரைம் வந்தார். ஒல்லி, மூக்குக்கண்ணாடி. படிப்பதையெல்லாம் வாய்விட்டு முணுமுணுப்பார்.

குண்டூசிகள் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தன. டாக்டர் தன் கையாலேயே மூன்றைக் கழற்றிப் பார்த்தார். மூன்றும் கிழிந்தன. அதன் பிறகுதான் 1947இல் ஹெப்ஸிக்கு ஆள் அனுப்பினார்கள்.

"மிஸஸ் சக்டன், இது கிழிஞ்சா மறுபடி எழுதித் தர ஆள் கிடையாது. எழுதினவர் போய்ச் சேந்தாச்சு" என்றார் டாக்டர்.

"சட்டைக்குச் சொந்தக்காரனும் அப்படித்தான் சொல்வான் டாக்டரய்யா. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

உருவினாள். காகிதம் முனகக்கூட இல்லை. டாக்டர் அன்றைக்கே வேலை கொடுத்தார். குண்டூசியைக் கழற்றி, அதன் இடத்தில் துருப்பிடிக்காத பித்தளைக் க்ளிப்பை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பதினோரு வருஷம் அதைச் செய்தாள்.

கையெழுத்தைப் படிக்கத் தெரியாதவளுக்கு அந்த அறையில் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்காதீர்கள். படித்தவர்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. சர் ஆம்ப்ரோஸின் காரியதரிசி ஒருவன் இருந்தான். எல்லா நகல்களும் அவன் கையெழுத்து. அவன் குத்திய குண்டூசி தையல்காரன் குத்தியதுபோல நேராக இருக்கும். உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் வெளியே வரும். வரிசையாக நாலு ஓட்டை. பெரியவர் தானே குத்தினால் ஒரே குத்து. சாய்வாக இரண்டு ஓட்டை, முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அறுபது வருஷத்துக்குப் பிறகும் அது அவள் விரலில் ரத்தம் எடுத்தது.

"ராஜாங்கத்தையே நடத்தினாரு, ஒரு ஊசி குத்தத் தெரியலை" என்று திட்டிக்கொண்டே விரலைச் சூப்புவாள்.

திட்டினாளே தவிர, அந்தக் காகிதங்கள்மேல் அவளுக்கு இருந்தது பயபக்தி. சேப்பலில்கூட அவளுக்கு அப்படி வந்ததில்லை. டாக்டர் முணுமுணுப்பதைக் காதில் வாங்கிக்கொண்டே இருப்பாள். பேராயர் எழுதிய கடிதத்தையும், பன்றி செத்துப்போனதென்று ஒரு குடியானவள் எழுதிய கடிதத்தையும் பெரியவர் ஒரே ஊசியில் குத்தியிருந்தார். இரண்டுக்கும் ஒரே நாளில் பதில் போட்டிருந்தார். பன்றிக்காரிக்குத்தான் பதில் நீளம். இத்தனை பேர் பேசியதை ஒரு மனுஷன் கேட்டிருக்கிறான், கேட்டதை வைத்திருக்கிறான் என்று நினைத்தாலே அவளுக்குக் கை மெதுவாகிவிடும்.

அந்த அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். மிஸ் ஈனிட் பாரக்ளஃப். பெட்டிகளுக்கு எண் போட்டு, தாள்களுக்கு அட்டவணை எழுதுகிறவள். வயது ஐம்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. பாரக்ளஃப் என்ற பெயரோடு ஸ்கெல்பெக்கில் யார் கட்டுவான்?

1871 பிப்ரவரியில் மில்லின் மூன்றாவது மாடி எரிந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது. பதினோரு பெண்கள் செத்தார்கள். மானேஜர் ஜோசயா பாரக்ளஃப், மிஸ் ஈனிட்டின் தாத்தா. சாவி அவனிடம் இருந்தது. செத்தவர்களில் ஒருத்தி கெசையா ஹோல்ராய்ட், ஹெப்ஸியுடைய பாட்டியின் தங்கை. பாட்டி சாகும்வரை பாரக்ளஃப் என்ற பெயரைச் சொன்னால் துப்புவாள். சர் ஆம்ப்ரோஸ்தான் அழுதுகொண்டே பாராளுமன்றத்துக்குப் போய், வேலை நேரத்தில் மில் கதவைப் பூட்டக்கூடாதென்று சட்டம் கொண்டுவந்தார் என்பது ஊர் நம்பிக்கை. அதற்குத்தான் சிலை. இறைச்சிக் கடையில் மிஸ் பாரக்ளஃப் முதலில் வந்து நின்றாலும் கடைசியில்தான் வாங்கிப் போவாள். எண்பத்தேழு வருஷம் ஆகியும் அப்படித்தான்.

ஹெப்ஸியும் அவளோடு ஒரே அறையில் பதினோரு வருஷம் இருந்தாள். "குட் மார்னிங்" சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் பேசியது கிடையாது.

1958 மார்ச்சில் ஒரு திங்கள்கிழமை, டாக்டர் முதல் பாகத்தின் அச்சுப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் அவை லண்டனுக்குப் போக வேண்டும். நாற்பதாம் பெட்டியிலிருந்து இரண்டு நீலத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு அச்சோடு ஒப்பிட்டார். வழக்கம்போல வாய்விட்டுத்தான்.

மானேஜர் பாரக்ளஃப் தீ விபத்தைப் பற்றிச் சர் ஆம்ப்ரோஸுக்கு எழுதிய கடிதத்தைக் காரியதரிசி எடுத்து வைத்த நகல் அது; அசல் விசாரணைக்குப் போய்விட்டது. முதல் தாளில் எத்தனை மணிக்கு நெருப்பு, எந்த மாடி என்று இருந்தது. "சாவி என்னிடம்தான் இருந்தது" என்பது கடைசி வரி. இரண்டாவது தாளை எடுத்தார்.

"இந்தப் பெண்கள் தங்கள் கவனக்குறைவாலேயே செத்தார்கள். அவர்களே விளக்கைக் கவிழ்த்தவர்கள். வேலை நேரத்தில் கதவு பூட்டியிருப்பது ஒழுங்குக்கு அவசியம். பதினோரு பேருக்காகச் சட்டத்தை மாற்றுவது பலவீனம்."

மிஸ் பாரக்ளஃபின் பேனா நின்றது. முகம் வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிட்டது.

"மன்னிக்கணும் மிஸ் பாரக்ளஃப். உங்க தாத்தாங்கறதை மறந்துட்டேன்" என்றார் டாக்டர்.

"அச்சுல இருக்கறது சரியா இருக்கா டாக்டர்? அதைப் பாருங்க, போதும்" என்றாள் அவள். பேனாவை மையில் தோய்த்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

ஹெப்ஸிக்கு அன்று சாயங்காலம் கால் தரையில் நிற்கவில்லை. வாசலில் இருந்தபடியே கத்தினாள். "வால்ட்டர்! அந்தப் படுபாவி எழுதியே வச்சிருக்கான்! கவனக்குறைவாம்! பொஸ்தகத்துல வரப்போவுது!"

"எந்தப் படுபாவி? இங்க நிறைய பேர் இருக்காங்க."

"ஜோசயா பாரக்ளஃப்."

"அவன் செத்து அம்பது வருஷமாச்சு. கதவைச் சாத்து, புறா மிரளுது."

மறுநாள் காலையில் டாக்டர் அந்த இரண்டு தாள்களையும் அவளிடம் கொடுத்துப் பெட்டியில் வைக்கச் சொன்னார். க்ளிப்பை மாட்டக் கை ஓரத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது.

முதல் தாளில் நாலு ஓட்டை நேராக இருந்தது. காரியதரிசி குத்தியது. இரண்டாவது தாளிலும் நேராக நாலு ஓட்டை இருந்தது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சேரவில்லை, ஒரு அரிசி நீளம் தள்ளி இருந்தது. அது மட்டுமில்லை. இரண்டாவது தாளில் இன்னும் நாலு ஓட்டை. சாய்வாக இரண்டு, அதற்குப் பக்கத்தில் மறுபடி சாய்வாக இரண்டு. பெரியவர் குத்து. முதல் தாளில் அப்படி ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு தாளும் ஒரு நாளும் ஒரே ஊசியில் இருந்ததில்லை.

அப்புறம் எப்படி ஒரே க்ளிப்பில் வந்தன? நாற்பதாம் பெட்டி. டாக்டர் அவளுக்குக் கொடுத்த முதல் பெட்டியே அதுதான், தீ விபத்துக் காகிதங்கள் உடனே வேண்டுமென்று. தையல்கூடத்துப் பழக்கம் கையில் இருந்தது. பெட்டி முழுவதையும் மேசையில் கொட்டி, எல்லா ஊசியையும் ஒரே மூச்சில் உருவிப் போட்டாள். பிறகுதான் க்ளிப்பை எடுத்தாள். எது எதோடு என்று அதற்குள் கலைந்துவிட்டது. நீலத்தை நீலத்தோடு, நீளத்தை நீளத்தோடு சேர்த்து மாட்டினாள். ஒரு சட்டையின் கையை இன்னொரு சட்டையில் தைத்த மாதிரி. ஒரு வாரம் போனபின்தான் ஒவ்வொரு ஊசியாகக் கழற்றி அப்போதைக்கப்போதே க்ளிப் போட வேண்டுமென்று புத்தி வந்தது. நாற்பதாம் பெட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அவளே மறந்து போனாள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சத்திரத்துக்குப் போன நேரத்தில் ஹெப்ஸி ஜன்னலோரம் நின்றாள். ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் பொட்டலத்திலேயே கிடந்தன. பெட்டியில் முன்னூற்றுப் பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றாக எடுத்து, அந்த இரண்டாவது நீலத் தாளை மேலே வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஓட்டையும் ஓட்டையும் சேர்ந்தால் வெளிச்சம் தெரியும். சேராவிட்டால் தெரியாது. படிப்பு வேண்டாத வேலை. மிஸ் பாரக்ளஃப் தன் மேசையில் ஆப்பிளைக் கீறிக் கீறித் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மூன்று தாள் அகப்பட்டன. ஒன்றில் நேரான நாலு ஓட்டையும் சேர்ந்தன, நாலு பொட்டு வெளிச்சம். இன்னொன்றில் சாய்ந்த இரண்டு. மூன்றாவது உள்ளங்கை அகலத் துண்டு. அதில் மற்ற இரண்டு. துருவின் நிழல்கூட ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தது.

என்ன எழுதியிருக்கிறதென்றுதான் தெரியவில்லை. கேட்கக்கூடிய ஆள் அந்த அறையில் ஒருத்திதான் இருந்தாள்.

"மிஸ்" என்றாள் ஹெப்ஸி. "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

பதினோரு வருஷத்தில் முதல் தடவை. மிஸ் பாரக்ளஃப் கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அகப்பட்ட மூன்றில் முதல் தாளைப் பார்த்தாள். "இது பெரியவர் இன்னொரு மந்திரிக்கு எழுதின கடிதத்தோட நகல். டாக்டர் புத்தகத்துல போட்டிருக்கார், முடிவு கிடைக்கலைன்னு குறிப்போட. அந்த முடிவுலதான் சட்டம் கொண்டுவர்றதா வாக்குக் குடுத்திருப்பார்னு முன்னுரையில எழுதியிருக்கார்."

"கடைசி வரி என்ன?"

"ஸ்கெல்பெக் விவகாரத்தில் நான் வந்திருக்கும் முடிவைச் சொல்கிறேன். அவ்வளவுதான் இருக்கு."

"இப்ப அந்த நீலத்தாளோட முதல் வரியைப் படிங்க."

மிஸ் பாரக்ளஃப் படிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அப்ப இதை எழுதினது..."

"சிலையா நிக்கிறாரே, அவரு" என்றாள் ஹெப்ஸி. "மீதியையும் படிங்க."

அகப்பட்டதில் இரண்டாவது தாள் 1875இல் எழுதியது, சர் ஆம்ப்ரோஸின் சொந்தக் கையெழுத்து. கதவுச் சட்டத்துக்காக அவர் பேசப்போன பேச்சின் குறிப்பு. நாலு வருஷம் கழித்து. அதன் தலையில் ஒரு வரி: 'பலவீனம் என்று எழுதினேன். எழுதியவன் நான்.' அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, பேச்சோடு சேர்த்துத் தானே குத்தியிருக்கிறார்.

மூன்றாவதைப் படிக்க நேரமாயிற்று. எழுத்து நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. 1893, அவர் செத்த வருஷம். அதில் பெயர்கள் மட்டும்தான். பெயரும் வயசும். மிஸ் பாரக்ளஃப் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஏழாவதாக, "கெசையா ஹோல்ராய்ட், பதினாலு."

ஹெப்ஸி மேசையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம். இரண்டு லட்சம் காகிதத்துக்கு நடுவில் இந்த ஒன்று எங்கே இருக்கிறதென்று அந்தக் கிழவருக்குத் தெரிந்திருக்கிறது. சாகப்போகும்போது எழுந்து வந்து, அதை எடுத்து, பதினோரு பெயரை எழுதி, நடுங்குகிற கையால் சாய்வாக ஒரு ஊசியைக் குத்தி வைத்திருக்கிறார். அவர் பெயரைக் கெடுக்க அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு பக்கம்தான். அதை அவரே பத்திரப்படுத்தியிருக்கிறார். அவளுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. சிலையை அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் வராத ஒன்று அந்தத் துண்டுத்தாளைப் பார்த்து வந்தது.

"எப்படிக் கலைஞ்சுது?" என்று மிஸ் பாரக்ளஃப் மெதுவாகக் கேட்டாள்.

"நான்தான்." ஹெப்ஸி சொன்னாள். முதல் வாரத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் அச்சுக்குப் போவுது. நீங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எனக்கு அவரோட பாஷை வராது."

"நான் சொன்னா தாத்தாவுக்காகப் பேசறேன்னு நினைப்பார். ஊரும் அதைத்தான் சொல்லும்." மிஸ் பாரக்ளஃப் அவளை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் சொல்லணும், மிஸஸ் சக்டன். சொல்லாட்டியும் நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்குப் பழக்கம்தான்."

சாயங்காலம் வெங்காயம் போட்ட குடல்கறியை முன்னால் வைத்துக்கொண்டு ஹெப்ஸி வால்ட்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றான் அவன்.

"இல்லை."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. வேலையும் போகும், ஊரும் காறித் துப்பும். பெரியவரு பேரை நீயே கெடுத்து, பாரக்ளஃப் பேரைக் காப்பாத்தப் போறியா? இப்படி ஒரு நாள் வரும்னு தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கே ஒரு புறாவைக் கட்டிக்கிட்டிருப்பேன்."

"புறாவுக்குப் புத்தி இருக்கு. அது உன்னைக் கட்டிக்காது."

ஹெப்ஸி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வால்ட்டர், அவரு கணப்புப் பக்கத்துலதான் உக்காந்து எழுதுவாராம். இருபத்திரண்டு வருஷம் பக்கத்துலயே நெருப்பு இருந்திருக்கு. கையை நீட்டிப் போட்டிருந்தா போதும், தீந்துது. போடலையே, மனுஷன்."

வால்ட்டர் தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான். "கறி ஆறுது, தின்னு" என்றான். அதற்கு மேல் அவன் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அச்சுப் படிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஹெப்ஸி எதிரே போய் நின்றாள்.

"அதைக் கட்டாதீங்க டாக்டரய்யா. தப்பு இருக்கு. தப்பு என்னுது."

கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. "பெட்டி முழுசுமா? ஒரே நேரத்துலயா? பதினோரு வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லலை. திட்டறதை அப்புறம் திட்டுங்க, ரயிலுக்கு நேரமாவுது."

"ஓட்டை சேருதுன்னு ஒரு பெரிய மனுஷர்மேல பழி போட முடியுமா? தற்செயலா இருக்கலாம்."

"ரெண்டு ஓட்டை சேந்தா தற்செயல். எட்டும் சேந்தா ஒரே சட்டை." மெல்லிய தையல் ஊசி ஒன்றை எடுத்தாள். நீலத் தாளை மந்திரிக்கு எழுதிய தாளோடு சேர்த்து வைத்து, நாலு ஓட்டை வழியாக அதை விட்டாள், உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஊசி எங்கும் தட்டாமல் போனது. பிறகு பேச்சுக் குறிப்பு, பிறகு துண்டுத்தாள். "மானேஜர் கடுதாசியில விட்டுப் பாருங்க, நீங்களே."

டாக்டர் விட்டுப் பார்த்தார். ஊசி போகவில்லை. மந்திரிக்கு எழுதிய தாளின் கடைசி வரியையும் நீலத் தாளின் முதல் வரியையும் சேர்த்து ஒரு தடவை முணுமுணுத்தார். மறுபடி ஒரு தடவை. பிறகு பெயர்ப் பட்டியலை எடுத்தார். அதை மட்டும் அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூணு வருஷமா இந்த முடிவைத் தேடறேன்" என்றார். "என் முன்னுரை முழுக்கத் தப்பு."

"மாத்தி எழுதுங்க. பேனா உங்ககிட்டதானே இருக்கு."

"மிஸ் பாரக்ளஃப், உங்க தாத்தா..." என்று திரும்பினார்.

"தாத்தாகிட்ட சாவி இருந்துது டாக்டர். அது அப்படியேதான் இருக்கு" என்றாள் அவள். "அந்த வார்த்தைங்க மட்டும்தான் அவரோடது இல்லை."

அச்சுப் படிகள் அன்று ரயில் ஏறவில்லை. புத்தகம் இலையுதிர் காலத்தில் வந்தது, அந்தப் பக்கம் சர் ஆம்ப்ரோஸின் பெயரிலேயே. ஊரில் சண்டை வந்தது. கூட்டுறவுக் கடையில் ஒருத்தி ஹெப்ஸியைப் பார்த்து, "துரு உன் மூளைக்கு ஏறிடுச்சுடி" என்றாள். "உனக்கு ஏற இடமே இல்லையே" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். சேப்பலில் அவளுக்குப் பக்கத்து இருக்கை ஒரு வருஷம் காலியாகக் கிடந்தது. தர்மகர்த்தாக்கள் அவளை வேலையில் வைப்பதா வேண்டாமா என்று இரண்டு மாதம் பேசி, வேறு கை கிடைக்காமல் வைத்துக்கொண்டார்கள். சாகும்வரை அங்கேதான் இருந்தாள். இறைச்சிக் கடையில் மிஸ் பாரக்ளஃபுக்கு முறைப்படி கொடுக்க ஆரம்பித்தார்களா என்றால், சில பேர் ஆரம்பித்தார்கள். சில பேர் கடைசிவரை இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கம் எப்படி இடம் மாறியது என்று எழுத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு எவனும் நம்பமாட்டான் என்றார் டாக்டர். "உதவியாளர் ஒருவரின் கவனப் பிசகு அப்படின்னு ஒரு வரி போட்டாப் போதும். உங்க பேர் வேண்டாம். வேலைக்கு ஆபத்து."

"உதவியாளருக்குப் பேர் கிடையாதா?" என்றாள் ஹெப்ஸி. "பன்றிக்காரிக்கே பேர் போட்டு வச்சிருக்கு இங்க. மிஸ், நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒண்ணையும் அழகுபடுத்தாதீங்க."

மிஸ் பாரக்ளஃப் புதுத் தாள் எடுத்தாள். ஹெப்ஸி சொல்லச் சொல்ல எழுதினாள். முதல் பெட்டி, முதல் வாரம், கொட்டியது, உருவியது, நீலத்தை நீலத்தோடு சேர்த்தது, சொல்லாமல் இருந்தது. அரைப் பக்கம் வந்தது. ஹெப்ஸி அதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"'ஞாபகமில்லாமல் இருந்தேன்'னு எழுதியிருக்கீங்க. நான் 'சொல்லாம இருந்தேன்'னுதான் சொன்னேன். முதல்ல பயந்துக்கிட்டு சொல்லலை, மறந்தது அதுக்கப்புறம். மாத்துங்க."

மிஸ் பாரக்ளஃப் அடித்துவிட்டு மாற்றினாள். ஹெப்ஸி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி தனித்தனி எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஹெப்ஸிபா சக்டன் என்று எழுதி முடித்தபோது நெற்றியில் வேர்த்திருந்தது.

அதை எங்கே வைப்பது என்று டாக்டர் யோசித்தார். அலுவலகக் கோப்பில் வைக்கலாமென்றார்.

"பெட்டியிலதான்" என்றாள் மிஸ் பாரக்ளஃப். நாற்பதாம் பெட்டியில் பதினோரு பெயருக்குப் பின்னால் அந்தத் தாளை வைத்து, மேல் ஓரத்தில் பென்சிலால் முன்னூற்றுப் பதின்மூன்று என்று எண் போட்டாள். அட்டவணையிலும் ஏற்றினாள்.

ஹெப்ஸி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவருடைய காகிதத்தோடு தன்னுடையதும்.

"இனிமே இதை யாரும் எடுத்துட முடியாதா, மிஸ்?"

"முடியாது, மிஸஸ் சக்டன். எண் போட்டாச்சு. யாராலயும் முடியாது."

"நானே வந்து கேட்டாலும்?"

"நீங்களே வந்து கேட்டாலும்."

"சரி" என்றாள் ஹெப்ஸி. மூடியைச் சாத்தி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.